முடக்கத்துக்கும் கெடு வேண்டும்!

மகாராஷ்டிர மாநிலம் புணேயில் 1912ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது ரூபீ கூட்டுறவு வங்கி. நூற்றாண்டு நிறைந்த மறு ஆண்டே, 2013 பிப்ரவரியில், அதன் செயல்பாடுகளை முடக்கியது இந்திய ரிசர்வ் வங்கி. புதிய டெபாசிட் வாங்கத் தடை, புதிய கடன் வழங்கத் தடை, வாடிக்கையாளர்கள் பணம் எடுக்கக் கடும் உச்சவரம்பு. தாற்காலிக ஏற்பாடு என்று தொடங்கிய அந்தக் கட்டுப்பாடு, சில மாதங்களுக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டு, 2022 ஆகஸ்டில் வங்கியின் உரிமம் ரத்து செய்யப்படும் வரை தொடர்ந்தது. முடக்கம் அறிவிக்கப்பட்ட ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை, உரிமம் ரத்தான ஆண்டில் பத்தாம் வகுப்பை எட்டியிருக்கும். ஒன்பதரை ஆண்டு என்பது அவ்வளவு நீண்ட காலம்.

உரிமத்தை ரத்து செய்தபோது ரிசர்வ் வங்கி சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. வங்கியிடம் போதிய மூலதனம் இல்லை, வருவாய் ஈட்டும் வாய்ப்பும் இல்லை என்பது ஒன்று. இருக்கும் நிதிநிலையில் டெபாசிட்தாரர்களுக்கு முழுத் தொகையையும் அந்த வங்கியால் திருப்பித் தர இயலாது என்பது மற்றொன்று. மும்பை உயர் நீதிமன்றம் 2017 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவை ஒட்டி, உரிமம் ரத்து ஆறு வாரம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்றும் அறிவிக்கப்பட்டது. டெபாசிட்தாரர்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு வைப்புத்தொகைக் காப்பீட்டின் மூலம் முழுப் பணமும் கிடைக்கும் என்ற ஆறுதலும் அந்த அறிவிப்பில் இருந்தது. அதற்கு முன்பே, 2022 மே 18 நிலவரப்படி, ரூ. 700.44 கோடி வழங்கப்பட்டிருந்தது.

99 விழுக்காட்டினருக்குப் பணம் கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், காப்பீட்டின் மூலம் கிடைக்கவிருந்த பணத்துக்கு ஏன் ஒன்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது? எஞ்சிய ஒரு விழுக்காட்டினர் யார்? அவர்களது தொகை எவ்வளவு? விழுக்காடு தலைகளை எண்ணுகிறதே தவிர, பணத்தை எண்ணுவதில்லை. தலைகளில் ஒரு விழுக்காடாக இருப்பவர்கள், தொகையில் அதைவிடப் பெரும் பங்கினராக இருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது ரூபீ வங்கியோடு முடிந்துவிட்ட கதையுமல்ல. புணேயின் சிவாஜிராவ் போஸ்லே கூட்டுறவு வங்கி 2019 மே மாதம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, 2021 மே மாதம் உரிமத்தை இழந்தது. அதே நகரின் சேவா விகாஸ் கூட்டுறவு வங்கியின் உரிமம் 2022 அக்டோபரில் ரத்தானது. மகாராஷ்டிர மாநிலக் கூட்டுறவு ஆணையர் அலுவலகம் இருப்பதும், கூட்டுறவு மேலாண்மைக்கான வைகுந்த மேத்தா தேசிய நிறுவனம் இருப்பதும் இதே புணேயில்தான். கூட்டுறவின் பாடசாலை என்று சொல்லத்தக்க நகரிலேயே நிலைமை இதுவென்றால், பிற ஊர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

பிரச்னையின் வேர், டெபாசிட்தாரர் யார் என்ற கேள்வியில் இருக்கிறது. வங்கியில் போட்ட பணம், பெட்டகத்தில் தன் பெயர் எழுதி வைக்கப்பட்டிருப்பதாகவே பாமர மக்கள் நம்புகிறார்கள். சட்டத்தின் பார்வை வேறு. கணக்கில் செலுத்தப்பட்ட மறுகணமே அது வங்கியின் பணமாகிவிடுகிறது. டெபாசிட்தாரருக்கு மிஞ்சுவது அதைத் திரும்பக் கேட்கும் உரிமை மட்டுமே. அதாவது, அவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். அதுவும் ஈடு எதுவும் பெறாமல் கொடுத்தவர். அவருக்குக் கடன் தரும்போது நிலப் பத்திரம், நகை, ஜாமீன் எல்லாம் கேட்கும் வங்கி, அவரிடம் கடன் வாங்கும்போது ஒரு ரசீதை மட்டும் கொடுத்தனுப்புகிறது.

கூட்டுறவு வங்கிகளில் இந்த நிலை மேலும் விசித்திரமானது. நகரக் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்குபவர் பங்கு வாங்கி உறுப்பினராக வேண்டும். உறுப்பினருக்கு வாக்கு உண்டு. நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. டெபாசிட் போடுபவர் உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பெரும்பாலோர் உறுப்பினர்களாக இருப்பதுமில்லை. ஆக, வங்கியிலிருந்து பணம் பெறுபவர்கள் நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வங்கிக்குப் பணம் தருபவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். வங்கி நன்றாக நடக்கும் நாளில் இந்தக் குறை யார் கண்ணிலும் படுவதில்லை. நொடிக்கும் நாளில் வாக்கில்லாதவர்தான் முதலில் அடிபடுகிறார்.

தொழில் நிறுவனம் ஒன்று நொடித்துப் போனால் என்ன நடக்கிறது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திவால் சட்டத்தின்படி, நிதிக்கடன் கொடுத்தவர்கள் அடங்கிய குழு அமைக்கப்படுகிறது. நிறுவனத்தை யாரிடம் ஒப்படைப்பது, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அந்தக் குழு 66 விழுக்காடு வாக்குகளால் முடிவு செய்கிறது. நிறுவனத்தின் மீதான வழக்குகளும் வசூல் நடவடிக்கைகளும் நிறுத்திவைக்கப்படுகின்றன. ஆனால், அந்த நிறுத்திவைப்புக்குக் கெடு உண்டு. 180 நாள், கூடுதலாக 90 நாள், வழக்குகளில் கழியும் காலத்தையும் சேர்த்து 330 நாள் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது.

இந்தக் கெடு நடைமுறையில் பலமுறை மீறப்படுகிறது என்பது உண்மை. எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் 2019 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், தவிர்க்க முடியாத நேர்வுகளில் 330 நாளைத் தாண்டலாம் என்று இடம் கொடுத்தது. ஆயினும், கெடு என்று ஒன்று சட்டப் புத்தகத்தில் இருப்பதால்தான் தாமதத்துக்குக் காரணம் கேட்க முடிகிறது. கெடுவே இல்லாத இடத்தில் தாமதம் என்ற சொல்லுக்கே பொருளில்லை.

இந்தச் சட்டம் வங்கிகளுக்குப் பொருந்தாது. நிதிச் சேவை நிறுவனங்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது அதன் 3ஆவது பிரிவு. வேண்டுமானால் மத்திய அரசு தனி அறிவிக்கை மூலம் அவற்றைக் கொண்டுவரலாம் என்கிறது 227ஆவது பிரிவு. அப்படி 2019 நவம்பரில் வகுக்கப்பட்ட விதிகளின்படி முதலில் தீர்ப்பாயத்துக்குச் சென்றது திவான் வீட்டுவசதி நிதி நிறுவனம். அதில் நிரந்தர வைப்பு வைத்திருந்த பொதுமக்களுக்குக் கடன் கொடுத்தோர் குழுவில் ஒரு பிரதிநிதி இருந்தார். பெரிய கடன் கொடுத்தவர்களின் வாக்குபலத்துக்கு முன் அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனாலும், என்ன பேசப்படுகிறது என்பதை அறியவும், முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்திலும் நீதிமன்றத்திலும் வாதாடவும் அவர்களுக்கு வழி இருந்தது. வங்கி டெபாசிட்தாரருக்கு அந்த அளவு இடமும் இல்லை.

வங்கிகளுக்குள்ளேயே இரு நீதி நிலவுகிறது என்பதுதான் இன்னும் வருத்தத்துக்குரியது. தமிழக வாசகர்களுக்கு கரூரின் லட்சுமி விலாஸ் வங்கி நினைவிருக்கும். 1926ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த வங்கி, 2020 நவம்பர் 17 அன்று முடக்கப்பட்டது, ரூ. 25,000க்கு மேல் எடுக்கத் தடை விதிக்கப்பட்டது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டு, தடையும் விலகியது. பங்குதாரர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். ரூ. 318 கோடி மதிப்பிலான கடன் பத்திரங்கள் ஒன்றுமில்லாமல் போயின. அவற்றின் நியாயம் தனியே விவாதிக்க வேண்டியது. ஆனால் டெபாசிட்தாரர் எவரும் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. அதே ஆண்டு மார்ச் மாதம் எஸ் வங்கி முடக்கப்பட்டு, இரண்டே வாரத்துக்குள் மீட்கப்பட்டது.

கரூருக்குப் பத்து நாள், புணேக்கு ஒன்பதரை ஆண்டு. இரண்டு ஊர்களிலும் பணம் போட்டவர்கள் ஒரே நாட்டின் குடிமக்கள்; இரண்டு வங்கிகளுக்கும் உரிமம் கொடுத்தது அதே ரிசர்வ் வங்கி. பின் எதனால் இந்த வேறுபாடு?

விடை வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளில் இருக்கிறது. வர்த்தக வங்கிகளை முடக்கப் பயன்படுவது 45ஆவது பிரிவு. ரிசர்வ் வங்கி விண்ணப்பிக்க, மத்திய அரசு தடை விதிக்கிறது. அந்தத் தடை மொத்தத்தில் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று அந்தப் பிரிவே வரம்பு கட்டுகிறது. கூட்டுறவு வங்கிகள் முடக்கப்படுவது 35-ஏ பிரிவின்படி. பொதுநலன், டெபாசிட்தாரர் நலன் கருதி வங்கிக்குக் கட்டளைகள் பிறப்பிக்க ரிசர்வ் வங்கிக்கு அது அதிகாரம் தருகிறது. அந்தக் கட்டளை எத்தனை மாதம் நீடிக்கலாம், எத்தனை முறை நீட்டிக்கலாம் என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஒரு வங்கியை ஆறு மாதத்துக்கு மேல் முடக்கினால் மக்கள் தாங்க மாட்டார்கள் என்று ஓரிடத்தில் உணர்ந்த சட்டம், அடுத்த இடத்தில் அதை மறந்துவிட்டது.

2020ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுறவு வங்கிகள் மீது ரிசர்வ் வங்கியின் பிடியை இறுக்கியது. இணைப்பு, சீரமைப்புத் திட்டங்களை அவற்றுக்கும் வகுக்க வழி செய்தது. தடை விதிக்காமலேயே திட்டம் வகுக்கலாம் என்ற நல்ல மாற்றத்தையும் கொண்டுவந்தது. மாநில உரிமையில் தலையீடு என்று தமிழகத்திலிருந்து எதிர்ப்பு எழுந்தது; சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. அந்த வாதப் பிரதிவாதங்களுக்கிடையே யாருக்கு அதிகாரம் என்பதே பெரும் பேச்சாக இருந்தது. அதிகாரம் பெற்றவர் எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது உரிய கவனம் பெறவில்லை. 35-ஏ பிரிவு கெடு இல்லாமலேயே தொடர்ந்தது.

முடக்கம் நீடிக்க நீடிக்க யாருக்கு நஷ்டம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய கடன் கொடுக்க முடியாத வங்கியில் வட்டி வருமானம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஒழுங்காகக் கடனைக் கட்டியவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு வேறு வங்கிக்குப் போய்விடுகிறார்கள். கட்டாதவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். மூழ்கப்போகும் வங்கிதானே என்று அவர்களும் காலம் கடத்துகிறார்கள். ஈடாக வைத்த இயந்திரம் துருப்பிடிக்கிறது. நிலத்தின் மீது வழக்கு மேல் வழக்கு ஏறுகிறது. ஊழியர் சம்பளமும் கட்டட வாடகையும் மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தச் செலவெல்லாம் கடைசியில் டெபாசிட்தாரருக்கு மிஞ்ச வேண்டிய சொத்திலிருந்துதான் போகிறது. காப்பாற்றுவதற்காகப் பூட்டிய கதவுக்குப் பின்னால் கையிருப்பு கரைந்துகொண்டிருக்கிறது.

ரூபீ வங்கியை வேறு வங்கியோடு இணைக்கும் யோசனைகள் இடையில் எழாமல் இல்லை. மகாராஷ்டிர மாநிலக் கூட்டுறவு வங்கியின் பெயரும், பின்னர் சாரஸ்வத் வங்கியின் பெயரும் பேசப்பட்டன. எதுவும் கைகூடவில்லை. முடக்கத்தின் முதல் ஆண்டில் இணைப்புக்கு வரக்கூடியவர், ஒன்பதாவது ஆண்டில் வரத் தயங்குவது இயல்பு. அதற்குள் வாடிக்கையாளரின் நம்பிக்கையும் வங்கியின் நற்பெயரும் போய்விடுகின்றன. வாங்க வருபவருக்கு மிஞ்சுவது பழைய கடன்களின் கட்டு மட்டுமே.

நாடாளுமன்றம் இதில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2019 செப்டம்பரில் பஞ்சாப் - மகாராஷ்டிர கூட்டுறவு வங்கி முடக்கப்பட்டு, முதலில் ரூ. 1,000 மட்டுமே எடுக்கலாம் என்று அறிவிக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பு தில்லியையும் அசைத்தது. அக்டோபரில் மும்பை சென்ற நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், போராட்டத்தில் இருந்த டெபாசிட்தாரர்களைச் சந்திக்க நேர்ந்தது. 1993 முதல் ரூ. 1 லட்சத்திலேயே நின்றிருந்த காப்பீட்டு வரம்பு, 2020 பிப்ரவரி 4 முதல் ரூ. 5 லட்சமாக உயர்ந்தது. 2021 ஆகஸ்டில் வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, 18-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. அதுவரை, வங்கி கலைக்கப்பட்ட பிறகோ இணைக்கப்பட்ட பிறகோதான் காப்பீட்டுத் தொகை கிடைக்கும் என்ற நிலை இருந்தது. முடக்கப்பட்ட வங்கி மூடவும் படாமல், திறக்கவும் படாமல் இருக்கும் வரை காப்பீட்டுக் கழகம் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை.

புதிய பிரிவு அந்த அநீதியைத் துடைத்தது. முடக்கம் தொடங்கிய 45 நாளுக்குள் வங்கி பட்டியல் தர வேண்டும். அடுத்த 45 நாளுக்குள் கழகம் சரிபார்த்துப் பணம் தர வேண்டும். இணைப்புக்கு வாய்ப்பிருந்தால் மேலும் 90 நாள் நீட்டிக்கலாம். ரூபீ வங்கியின் டெபாசிட்தாரர்களுக்கு ரூ. 700 கோடி கிடைத்ததற்கு இந்தத் திருத்தமே காரணம். எட்டு ஆண்டுக்கு மேல் கிடைக்காதது, சட்டம் மாறியதும் சில மாதங்களில் கிடைத்தது. கெடு விதித்தால் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால், அந்தத் திருத்தம் காப்பீட்டுக்குத்தான் கெடு விதித்தது, முடக்கத்துக்கு விதிக்கவில்லை. ரூ. 5 லட்சம் வரை உள்ளவர் வெளியே வந்துவிட்டார். அதற்கு மேல் வைத்திருப்பவர் உள்ளேயே இருக்கிறார். ரூ. 5 லட்சத்துக்கு மேல் வைத்திருப்பவர் பணக்காரர்தானே, பொறுக்கட்டும் என்று நினைப்பது எளிது. உண்மை அப்படியில்லை. பணி ஓய்வின்போது கிடைத்த மொத்தத் தொகையை, அரை விழுக்காடு வட்டி கூடுதல் என்பதற்காகக் கூட்டுறவு வங்கியில் போட்டவர்கள் அவர்களில் உண்டு. மகளின் திருமணத்துக்காக நிலம் விற்ற பணத்தை வைத்திருப்பவர்களும் உண்டு.

அவர்களைவிடப் பாவப்பட்டவை அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களும், சிறு கடன் சங்கங்களும், அறக்கட்டளைகளும். காப்பீட்டுச் சட்டத்தின் கண்ணில் ஒரு சங்கம் ஒரே டெபாசிட்தாரர். 200 குடும்பங்கள் மாதாமாதம் சேர்த்த பராமரிப்பு நிதி ரூ. 1 கோடி இருந்தாலும், கிடைக்கும் காப்பீடு ரூ. 5 லட்சம்தான். குடும்பத்துக்கு ரூ. 50,000 போட்டவர்களுக்கு ரூ. 2,500 பாதுகாப்பு. அதே ரூ. 50,000 தனித்தனிக் கணக்கில் இருந்திருந்தால் முழுவதும் கிடைத்திருக்கும். கூடிச் சேர்த்தது குற்றம் என்பது போலிருக்கிறது இந்தக் கணக்கு. கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் நிதியைக் கூட்டுறவு வங்கிகளில் வைக்க வேண்டும் என்று ஊக்குவித்துவிட்டு, வங்கி வீழ்ந்ததும் அவற்றைக் கைவிடுவது எந்த அறத்தில் சேரும்?

பஞ்சாப் - மகாராஷ்டிர கூட்டுறவு வங்கி 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைக்கப்பட்டபோது இந்தக் கைவிடல் எழுத்திலேயே வந்தது. ரூ. 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்த தனிநபர்களுக்குப் பத்து ஆண்டு வரை தவணை. முதல் ஐந்து ஆண்டுக்கு வட்டி இல்லை, அதன்பின் 2.75 விழுக்காடு. நிறுவன டெபாசிட்தாரர்களின் நிலை அதைவிட மோசம். காப்பீட்டுக்கு மேற்பட்ட தொகையில் 80 விழுக்காடு, ஒரு விழுக்காடு ஈவு தரும் முன்னுரிமைப் பங்குகளாக மாற்றப்பட்டது. அதாவது, கடன் கொடுத்தவர் அவரைக் கேட்காமலேயே பங்குதாரர் ஆக்கப்பட்டார். ஆட்சேபங்களை எழுதி அனுப்ப வாய்ப்பு தரப்பட்டதே தவிர, வாக்களிக்கும் உரிமை எங்கும் இல்லை. திவால் சட்டத்தின்படி ஒரு தொழிற்சாலைக்குக் கடன் கொடுத்த வங்கிக்கு இப்படி நடந்தால், கடன் கொடுத்தோர் குழுவில் வாக்கெடுப்பு நடந்திருக்கும்.

வங்கி கலைக்கப்பட்டால் மட்டும் நிலைமை மேம்படுமா என்றால் அதுவும் இல்லை. சொத்துகளை விற்றுத் திரட்டும் பணத்திலிருந்து காப்பீட்டுக் கழகம் தான் கொடுத்ததைத் திரும்பப் பெற வேண்டும் என்கிறது அதன் சட்டத்தின் 21ஆவது பிரிவு. கழகத்தின் நிதி எல்லா வங்கிகளும் கட்டும் பிரீமியத்தால் ஆனது. அது கரையக் கூடாது என்ற நியாயம் புரிகிறது. ஆனால், கழகத்துக்குப் போக மிஞ்சுவதற்காகக் காத்திருக்கும் டெபாசிட்தாரர், வரிசையில் தான் எந்த இடத்தில் நிற்கிறார், இதுவரை எவ்வளவு வசூலானது என்பதை அறிய எளிய வழி இல்லை.

இங்கே அரசியல் சட்டத்தின் சிக்கல் ஒன்றும் குறுக்கே நிற்கிறது. வங்கித் தொழில் மத்தியப் பட்டியலின் 45ஆவது இனம்; கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலின் 32ஆவது இனம். கூட்டுறவு வங்கிகள் செய்யும் வங்கித் தொழில் நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்குள் வரும் என்று, மகாராஷ்டிரத்திலிருந்து சென்ற பாண்டுரங் கண்பதி சௌகுலே வழக்கில், 2020 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால், மாநிலச் சட்டப்படி பதிவான வங்கியைக் கலைப்பதும், கலைப்பாளரை நியமிப்பதும் மாநிலக் கூட்டுறவுப் பதிவாளரின் வேலை. ரிசர்வ் வங்கி உரிமத்தை ரத்து செய்து, கலைக்குமாறு பதிவாளருக்கு எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உரிமம் கொடுத்தவர் தில்லியின் சட்டத்தின் கீழ். கலைப்பவர் மாநிலச் சட்டத்தின் கீழ். கேள்வி கேட்க வேண்டிய டெபாசிட்தாரர் இரண்டு வாசலுக்கும் நடக்கிறார்.

முடக்கத்துக்குக் கெடு விதித்தால் ரிசர்வ் வங்கியின் கை கட்டப்படும், இணைப்புப் பேச்சுக்கு அவகாசம் இருக்காது, அவசரத்தில் வங்கிகள் மூடப்படும் என்று வாதிடுபவர்கள் உண்டு. முடக்கமே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. வதந்தி பரவி ஒரே நாளில் எல்லோரும் பணம் எடுக்க ஓடினால், முதலில் ஓடியவருக்கு எல்லாம் கிடைக்கும். பின்னால் வந்த முதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதைத் தடுக்க முடக்கம் தேவை. அவகாசமும் தேவைதான். ஆனால், மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கி 2025 பிப்ரவரி 13 அன்று முடக்கப்பட்டு, ஆகஸ்ட் 4 அன்று சாரஸ்வத் வங்கியோடு இணைக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குள் அது முடிந்தது. கூட்டுறவு வங்கியிலும் விரைந்து முடிவெடுக்க முடியும் என்பதை ரிசர்வ் வங்கியே காட்டிவிட்டது. ஓரிடத்தில் முடிந்ததை எல்லா இடத்துக்கும் சட்டமாக்குவதில் என்ன தயக்கம்?

தில்லிக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. 2017 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான நிதி நிறுவனத் தீர்வு மற்றும் வைப்புத்தொகைக் காப்பீட்டு மசோதா, நொடிக்கும் வங்கிகளுக்குத் தனிச் சட்டம் வகுக்க முயன்றது. டெபாசிட்தாரரின் பணத்தை எடுத்து வங்கியை மீட்கலாம் என்று பொருள்படும் ஒரு பிரிவு அதில் இருந்ததால் நாடெங்கும் அச்சம் பரவியது. கூட்டுக் குழுவின் ஆய்வில் இருக்கும்போதே, 2018 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால், அந்த மசோதாவோடு சேர்த்து நல்ல நோக்கமும் கைவிடப்பட்டது. எந்தப் பிரிவைக் கண்டு மக்கள் அஞ்சினார்களோ, ஏறத்தாழ அதுவே பஞ்சாப் - மகாராஷ்டிர வங்கியின் நிறுவன டெபாசிட்தாரர்களுக்கு ஒரு திட்டத்தின் மூலம் நடந்தேறியதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

வைப்புத்தொகைக் காப்பீடே ஒரு வங்கியின் வீழ்ச்சியில் பிறந்ததுதான். 1960ஆம் ஆண்டு கேரளத்தின் பாலை மத்திய வங்கி வீழ்ந்தது, அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, 1962இல் ரூ. 1,500 வரம்போடு காப்பீடு வந்தது. அதற்கும் முன்பு, 1906இல் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் திவாலாகிப் பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியபோது, அந்தக் காயத்திலிருந்து மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. வீழ்ச்சிகளிலிருந்து பாடம் கற்ற மரபு நமக்கு உண்டு. புணேயின் ஒன்பதரை ஆண்டிலிருந்தும் கற்க வேண்டும்.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவது, 35-ஏ பிரிவின்படி பணம் எடுக்க விதிக்கப்படும் தடைக்கும் 45ஆவது பிரிவில் உள்ளதுபோல் உச்ச வரம்பு வேண்டும். ஆறு மாதம் போதாதென்றால் ஓராண்டு என்று வைக்கலாம். அதற்குள் இணைப்பு, சீரமைப்பு, கலைப்பு ஆகிய மூன்றில் ஒன்றை ரிசர்வ் வங்கி தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதையும் நீட்டிக்க நேர்ந்தால், காரணத்தை எழுத்தில் பதிந்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும்.

இரண்டாவது, காப்பீட்டு வரம்புக்கு மேல் பணம் வைத்திருப்பவர்களுக்கு, இணைப்புத் திட்டம் வகுக்கப்படும்போதும் கலைப்பு நடக்கும்போதும் ஒரு பிரதிநிதி வேண்டும். வசூல் விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். மூன்றாவது, குடியிருப்போர் சங்கம் போன்ற அமைப்புகளின் டெபாசிட்டுக்கு, உறுப்பினர் எண்ணிக்கையைக் கணக்கில் கொண்டு காப்பீடு வழங்க வழி காண வேண்டும். காப்பீட்டு வரம்பை உயர்த்துவது பரிசீலனையில் இருப்பதாக 2025 பிப்ரவரியில் நிதிச் சேவைகள் துறைச் செயலர் கூறினார். வரம்பை மட்டும் உயர்த்தி, ஒரு சங்கத்தை ஒரே தலையாக எண்ணும் முறையை விட்டுவைத்தால் இந்தக் குறை தீராது. நான்காவது, உரிமம் ரத்தான பிறகு கலைப்பாளரை நியமிக்கவும், முதல் பங்கீட்டை முடிக்கவும் மாநிலங்களைக் கலந்து பேசிக் கெடு வகுக்க வேண்டும். மாநில உரிமையைக் காக்கக் குரல் கொடுக்கும் கட்சிகள், அந்த உரிமையை மாநிலங்கள் உரிய காலத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே வலியுறுத்த வேண்டும்.

வங்கிக்குக் கடன் வைத்திருப்பவர்கள் தங்கள் வழக்குகளுக்குப் பெரிய வழக்குரைஞர்களை அமர்த்திக்கொள்ள முடியும். வங்கிக்குக் கடன் கொடுத்த ஓய்வூதியருக்கு நாடாளுமன்றம்தான் வழக்குரைஞர். முடக்க உத்தரவில் தொடங்கும் தேதியைப் போலவே முடியும் தேதியும் எழுதப்பட வேண்டும். அடுத்த வங்கி பூட்டப்படுவதற்கு முன்பே அந்தச் சட்டம் வர வேண்டும்.